மலைக்குளிரில் மீனுக்கு நோய்: கோத்தகிரித் தொட்டி ஒன்றைப் பற்றி

கேட்டதைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன், படிக்கும் மற்றவர்களுக்கும் புரியட்டும். கோத்தகிரியில் உங்கள் வீடு. 60 லிட்டர் தொட்டி வைத்து ஏழு மாதம் ஆகிறது. ஹீட்டர் இல்லை. இரண்டு தங்கமீன்களும் நான்கு மோலிகளும் இருந்தன. தை மாதக் கடைசியில், மகனின் பிறந்தநாளுக்காகக் கோவையிலிருந்து ஆறு நியான் டெட்ரா வாங்கி வந்து விட்டீர்கள். ஒரு வாரத்துக்குள் அவை கல்லில் உடம்பை உரசின. உப்புத் தூளைத் தூவியதுபோல் வெண்புள்ளிகள் வந்தன. கடையில் சொன்னபடி நீல மருந்தை மூன்று நாள் ஊற்றினீர்கள். புள்ளிகள் உதிர்ந்துவிட்டன. இரண்டு வாரம் கழித்து, முன்பைவிட அதிகமாகத் திரும்பி வந்திருக்கின்றன. இரண்டு நியான்கள் இறந்துவிட்டன. மோலி ஒன்று இரண்டு மாதமாகவே நின்ற இடத்தில் நின்று நடுங்குகிறது. பெரிய தங்கமீனின் செவுள் மூடியில் உள்ள வெண்புள்ளிகள் மருந்துக்கு அசையவே இல்லை. ஒரு வாரமாக, விடியற்காலையில் எல்லா மீன்களும் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. இது என்ன நோய், எந்த மருந்தை ஊற்றுவது என்பது உங்கள் கேள்வி.

முதலில் ஒன்று: இன்று எந்த மருந்தையும் ஊற்றாதீர்கள். உங்கள் தொட்டியில் இருப்பது ஒரே நோய் அல்ல. நீங்கள் எழுதியதிலேயே நான்கு வெவ்வேறு சங்கதிகள் இருக்கின்றன. ஒன்று தொற்று. ஒன்று மீனுக்கும் நம் மலைத் தண்ணீருக்கும் உள்ள பொருத்தமின்மை. ஒன்று மருந்தாலேயே வந்த வினை. இன்னொன்று நோயே அல்ல. நான்கையும் ஒரே குப்பியால் தீர்க்க முனைந்தால் எஞ்சியிருக்கும் மீன்களையும் இழப்பீர்கள்.

நான் குன்னூரில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக மீன் வளர்க்கிறேன். கல்லூரியில் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். மலையில் மீன் வளர்ப்பவர்கள் என்னிடம் கொண்டுவரும் சிக்கல்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் முடிச்சிட்டுக்கொள்கின்றன. மருந்துக் குப்பியில் எழுதியிருக்கும் அளவும் நாளும், கடைக்காரர் சொல்லும் வைத்தியமும், சமவெளியில் 27, 28 டிகிரியில் கிடக்கும் தண்ணீருக்கானவை. இங்கே விடியற்காலையில் தொட்டித் தண்ணீர் 15 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. அந்தக் குளிரில் கிருமி மெதுவாக வளர்கிறது, ஃபில்டரில் வாழும் நல்ல பாக்டீரியா மெதுவாக வேலை செய்கிறது, மீனின் எதிர்ப்புச் சக்தியும் மந்தமாகிறது. நாள்கணக்கு மாறினால் நோயைக் கண்டுபிடிக்கும் முறையும் மாற வேண்டும்.

நோயுற்ற மீனைப் பார்த்தவுடன் நான் மூன்று கேள்விகளை என்னையே கேட்டுக்கொள்வேன். எல்லா மீன்களும் ஒரே சமயத்தில் சுணங்கினவா, ஒன்றன்பின் ஒன்றாகவா, அல்லது ஒரே ஒரு மீன் மட்டும்தானா? எல்லாம் ஒரே நாளில் சுணங்கினால் தண்ணீரைச் சந்தேகிப்பேன். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பரவி வந்தால் தொற்று. ஒரே மீன் மட்டும் வாடி, மற்றவை துள்ளிக்கொண்டிருந்தால் காயமோ, முதுமையோ, மற்ற மீன் விரட்டுவதோ, உள்ளுறுப்புக் கோளாறோ இருக்கும். இரண்டாவது கேள்வி, எவ்வளவு காலமாக: மணிக்கணக்கில் வந்ததா, நாள்கணக்கிலா, மாதக்கணக்கிலா? மூன்றாவது, அதற்கு முன் தொட்டியில் என்ன புதிதாக நுழைந்தது: மீனா, செடியா, மருந்தா, வேறு தண்ணீரா? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால், மீனின் உடம்பைப் பார்க்கும் முன்பே பாதித் தூரம் வந்துவிடலாம்.

உங்கள் தொட்டிக்கு வருகிறேன்.

வெண்புள்ளி நோய் என்பது நியான்களைப் பொறுத்தவரை ஏறக்குறைய உறுதி. புதிய மீன் வந்த ஒரு வாரத்துக்குள் வந்தது, உரசியது, பரவியது, மறைந்து திரும்பியது: எல்லாம் அதன் நடை. இக்தியோஃப்திரியஸ் என்ற ஒருசெல் உயிரி இதற்குக் காரணம். நீங்கள் பார்க்கும் புள்ளி அந்த உயிரி மீனின் மேல்தோலுக்கு அடியில் புகுந்து, மீனின் திசுவைத் தின்று பெருத்துக்கொண்டிருக்கும் இடம். தோல் அதற்குப் போர்வை. அங்கே இருக்கும்வரை நீங்கள் ஊற்றும் எந்த மருந்தும் அதைத் தொடாது. பெருத்து முடித்ததும் தானாகவே உதிர்ந்து, அடியில் உள்ள கல்லிலோ செடியிலோ ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றி ஒரு கூடு கட்டிக்கொள்கிறது. அந்தக் கூட்டுக்குள் பிரிந்து பிரிந்து நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகிறது. சில சமயம் ஆயிரம்வரை. அவை வெளியே நீந்தி வந்து மீனைத் தேடுகின்றன. ஓரிரு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் செத்துப்போகும். மருந்தோ உப்போ கொல்வது நீந்தி அலையும் இந்தக் குஞ்சுகளை மட்டும்தான்.

இந்தச் சுற்று முழுவதும் 25 டிகிரித் தண்ணீரில் ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். 15 டிகிரியில் பத்து நாள், இரண்டு வாரம் என்று இழுக்கும். 7 டிகிரிக்குக் கீழே ஐந்து வாரத்துக்கும் மேல் போகும். இப்போது உங்கள் மூன்று நாள் மருந்தை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். நீங்கள் மருந்து ஊற்றிய நாள்களில் அந்த உயிரிகளில் பெரும்பாலானவை தோலுக்கு அடியில் இருந்தன. புள்ளிகள் உதிர்ந்தது மருந்தால் அல்ல. உதிரும் வேளை வந்தது, உதிர்ந்தன. அவை கல்லிடுக்கில் கூடு கட்டிக்கொண்டிருந்தபோது நீங்கள் நிம்மதியாக மருந்தை நிறுத்திவிட்டீர்கள். இரண்டு வாரம் கழித்து ஒன்று நூறாகத் திரும்பி வந்தது. சமவெளியில் இதே தவற்றைச் செய்திருந்தால் ஐந்தாறு நாளிலேயே தெரிந்திருக்கும். இங்கே குளிர் அதை மறைத்து வைத்துவிட்டது.

அடுத்து தங்கமீனின் செவுள் மூடி. அந்தப் புள்ளிகளை நன்றாகப் பாருங்கள். அவை செவுள் மூடியிலும், மார்புத் துடுப்பின் முன் விளிம்பிலும் மட்டும், வரிசை பிடித்ததுபோல் ஒரே அளவில் இருக்கின்றனவா? வாலிலும் முதுகிலும் ஒன்றுகூட இல்லையா? இரண்டுக்கும் ஆம் என்றால் உங்கள் மீன் ஆண். இனப்பெருக்கப் பருவத்துக்கு வந்திருக்கிறது. குளிர்காலம் போய் மாசிப் பகல்கள் சூடேறும்போது ஆண் தங்கமீன்களுக்கு இந்த முத்துகள் அரும்புவது இயல்பு. நோய் அல்ல, நலத்தின் அடையாளம். வெண்புள்ளி நோய் இடம் பார்த்து வராது. வால், முதுகு, வயிறு எங்கும் சிதறிக் கிடக்கும், நாளுக்கு நாள் இடம் மாறும். எதற்கும் தங்கமீனின் வால் துடுப்பைத் தினமும் பாருங்கள். ஒரே தொட்டியில் இருப்பதால் அதற்கும் தொற்று வர வாய்ப்புண்டு. அங்கே புள்ளி தெரிந்தால்தான் கவலை.

மோலியின் நடுக்கம் நியான்கள் வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது என்று நீங்கள் ஒரு வரியில் எழுதியிருந்தீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவிய வரி அதுதான். அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் நானும் எல்லாவற்றையும் வெண்புள்ளியின் கணக்கில் எழுதியிருப்பேன். மோலி உப்புக் கரிக்கும் கழிமுகங்களிலும் தாதுக்கள் நிறைந்த கடினத் தண்ணீரிலும் வாழும் மீன். வெதுவெதுப்பும் வேண்டும், 25 டிகிரிக்குக் குறையாமல். நம் மலைத் தண்ணீரோ எளிதில் கரையாத சார்னோக்கைட் பாறைமேல் மழையாக விழுந்து, வழியில் சுண்ணாம்பு எதையும் பெரிதாகக் கரைத்துக்கொள்ளாமல் வருவது. சோப்பு கொஞ்சம் போட்டாலே நுரைத்துத் தள்ளுகிறதே, அதுதான் மென்னீர். கீழே சமவெளியில் கிணற்று நீரில் குளித்துப் பழகியவர்கள் மலைக்கு வந்தால் முதலில் வியப்பது இதைப் பற்றித்தான். அந்த மென்னீரிலும் 15 டிகிரியிலும் மோலியின் உடம்பு தன் உப்புச் சமநிலையைக் காக்க முடியாமல் திணறுகிறது. நகராமல், நின்ற இடத்தில் பாம்புபோல் நெளிந்து நடுங்கும். இதற்குக் கிருமி மருந்து ஊற்றுவது பசித்தவனுக்குக் காய்ச்சல் மாத்திரை கொடுப்பது போன்றது. சூடும் தாதுவும் கிடைத்தால் ஒரு வாரத்தில் தெளிந்துவிடுகிற மோலிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நான்காவது, எனக்கு உண்மையிலேயே அச்சம் தருவது, விடியற்காலை மூச்சுத் திணறல். எல்லா மீன்களும் ஒரே சமயத்தில் மேலே வருகின்றன. மேலே சொன்ன முதல் கேள்வியின்படி, இது தண்ணீர்.

நடந்தது இப்படி இருக்கும் என்று கணிக்கிறேன். நீல மருந்து மெத்திலீன் ப்ளூவாக இருக்க வேண்டும். அது பூஞ்சைக்கும் முட்டைகளைக் காக்கவும் நல்ல மருந்து. ஆனால் தனித் தொட்டியில் மட்டும். முதன்மைத் தொட்டியில் ஊற்றினால் ஃபில்டர் பஞ்சில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாவையும் கொன்றுவிடும். மீன் வெளிவிடும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றுவது அந்தப் பாக்டீரியாதான். சமவெளியில் அது சில வாரங்களில் மீண்டும் பெருகும். நம் குளிரில் இரண்டு மடங்கு காலம் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்கிடையில் அம்மோனியா ஏறி, பிறகு நைட்ரைட் ஏறி, இரண்டும் செவுளைத் தாக்கும். நைட்ரைட் மீனின் இரத்தத்தில் கலந்து, ஆக்சிஜனைச் சுமக்கவிடாமல் செய்துவிடும். இறந்த நியானை இன்னும் புதைக்கவில்லை என்றால் செவுள் மூடியைத் தூக்கிப் பாருங்கள். நைட்ரைட்டால் இறந்த மீனின் செவுள் பழுப்பாகச் சாக்லேட் நிறத்தில் இருக்கும். ஆனால் இறந்து சில மணி நேரத்துக்குள் பார்த்தால்தான் இந்தச் சான்று செல்லும். பிறகு எல்லாச் செவுளும் வெளுத்துவிடும்.

இதோடு உயரமும் சேர்ந்துகொள்கிறது. கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு; தண்ணீரில் கரையக்கூடிய ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைவு. குளிர்ந்த தண்ணீர் அதிக ஆக்சிஜனைப் பிடித்து வைத்திருப்பதால் இவ்வளவு நாள் அந்தக் குறை தெரியவில்லை. வெண்புள்ளிக்காக நாம் தண்ணீரைச் சூடாக்கப் போகிறோம் அல்லவா, அப்போது இந்தக் குறை வெளியே வரும். அதனால்தான் ஹீட்டருக்கு முன் ஏர் பம்ப் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் வளர்ப்பவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். அவை இன்னும் உயரம். பம்ப் அறைக்காற்றை இழுத்துத்தான் தண்ணீருக்குள் விடுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். கணப்புச் சட்டியோ, கொசுவத்தியோ, புதுப் பெயின்ட் வாசனையோ இருக்கும் அறையில் பம்ப் ஓடினால் அத்தனையும் மீனுக்குப் போகும்.

இனி செய்ய வேண்டியது.

இன்று மாலையே ஏர் பம்பில் மாட்டிய ஏர் ஸ்டோன், அதாவது காற்றைச் சிறு குமிழிகளாக்கும் கல், ஓடட்டும். ஒரு தெர்மாமீட்டர் வாங்கி, காலை ஆறு மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் பாருங்கள். இந்த மாதத்தில் சன்னலோரத் தொட்டி ஒரே நாளில் ஆறேழு டிகிரி ஏறி இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். அந்த ஊசலாட்டமே மீனைப் பலவீனமாக்கப் போதும். தொட்டியை வெயில் விழாத உட்சுவர்ப் பக்கம் மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். மருந்தின் எச்சத்தை எடுக்க ஃபில்டரில் புதிய ஆக்டிவேட்டட் கார்பன் பை ஒன்றை இரண்டு நாள் வைத்து எடுத்துவிடுங்கள்.

அம்மோனியா, நைட்ரைட், பி.எச்., கார்பனேட் கடினத்தன்மை நான்கையும் சொட்டுவிட்டு அளக்கும் சோதனைப் பெட்டி ஒன்று அவசியம். தாள் பட்டைகள் வேண்டாம். மலையின் ஈரப்பதத்தில் சீக்கிரம் கெட்டுவிடுகின்றன. இந்தச் சோதனையை முடிக்காமல் பெரிய அளவில் தண்ணீர் மாற்றாதீர்கள். ஏன் என்பதை என் சொந்த இழப்பிலிருந்து சொல்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் எட்டு மாதமாகச் சரியாகப் பராமரிக்காத ஒரு தொட்டி என்னிடம் இருந்தது. மென்னீரில் அமிலத்தைத் தாங்கும் கார்பனேட் மிகக் குறைவு; மீனின் கழிவு சேரச் சேர அது தீர்ந்து, பி.எச். 6க்கும் கீழே சரிந்துவிட்டிருந்தது. அந்த அமிலத்தில் ஃபில்டர் பாக்டீரியா ஏறக்குறைய வேலையை நிறுத்திவிடும். அம்மோனியா சேர்ந்துகொண்டே இருந்தது. ஆனால் மீன்கள் உயிரோடு இருந்தன. அமிலத் தண்ணீரில் அம்மோனியா பெரும்பாலும் அம்மோனியம் என்ற, தீங்கு குறைந்த வடிவில் இருக்கும். பி.எச். 6.5இல் ஆயிரத்தில் இரண்டு பங்குதான் நச்சு வடிவம். பி.எச். 8இல் நூற்றில் நான்கைந்து பங்கு. இது தெரிந்தும் அன்று அளக்காமல், தொட்டியைச் சரிசெய்யும் அவசரத்தில் சமையல் சோடா கலந்த புதுத் தண்ணீரைப் பாதித் தொட்டிக்கு மாற்றினேன். பி.எச். ஒரே மணி நேரத்தில் ஏறியது. அடியில் உறங்கிக்கொண்டிருந்த அம்மோனியம் முழுவதும் விழித்துக்கொண்டது. மாலைக்குள் பதினொரு மீன்கள் போயின. அவற்றில் ஒன்பது ஆண்டு வயதுள்ள தங்கமீன் ஒன்றும் இருந்தது.

ஆகவே, பி.எச். 6.5க்குக் குறைவாகவும் அம்மோனியா அதிகமாகவும் இருந்தால், தினம் பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மட்டும், எதையும் கலக்காமல், அதே வெப்பநிலையில் மாற்றுங்கள். பி.எச். 7ஐ ஒட்டி இருந்தால் தினம் கால் பங்கு மாற்றலாம். நைட்ரைட் காட்டினால் உப்பு உடனடி உதவி. உப்பில் உள்ள குளோரைடு, செவுளின் வாசலில் நைட்ரைட்டை உள்ளே விடாமல் தடுக்கும்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். ஊட்டிக்குப் பார்சன்ஸ் பள்ளத்தாக்கிலிருந்தும் குன்னூருக்கு ரேலியா அணையிலிருந்தும் வரும் தண்ணீர் நல்ல தண்ணீர்தான். என்றாலும் மழைக்காலத்தில் கலங்கல் வரும்போது குளோரின் வாசனை மூக்கைத் துளைப்பதை நாம் எல்லோரும் அறிவோம். வாளியில் ஒரு நாள் திறந்து வையுங்கள், அல்லது சோடியம் தயோசல்ஃபேட் சொட்டு விடுங்கள். குளிருக்குப் பயந்து கெய்சர் தண்ணீரைக் கலப்பவர்கள் நம் மலையில் நிறைய. தாமிரக் குழாயும் தாமிரத் தொட்டியும் உள்ள பழைய கெய்சராக இருந்தால் செய்யாதீர்கள். மென்னீரில் தாமிரத்தின் நஞ்சு பன்மடங்கு கூடும். அடுப்பில் காய்ச்சிய தண்ணீரைக் கலந்து வெப்பத்தைச் சமன்செய்யுங்கள்.

இப்போது வெண்புள்ளி. ஹீட்டர் இல்லாமல் இதை இந்த மாதத்தில் வெல்வது கடினம். லிட்டருக்கு ஒரு வாட் என்ற சமவெளிக் கணக்கு நமக்குப் போதாது. இரண்டு வாட் வேண்டும். 60 லிட்டருக்கு 150 வாட் ஹீட்டர் ஒன்றைவிட 75 வாட்டில் இரண்டு நல்லது. தெர்மோஸ்டாட் சிக்கிக்கொண்டால் ஒற்றைப் பெரிய ஹீட்டர் மீனை வேகவைத்துவிடும். பழுதாகி நின்றுபோனால் குளிரில் விட்டுவிடும். தொட்டியின் பின்புறமும் இரு பக்கமும் தெர்மாகோல் அட்டை ஒட்டி, மேலே மூடி போட்டால் மின்செலவு நன்றாகக் குறையும். காற்றடித்து மரம் விழுந்து மின்சாரம் போகும் இரவுகளிலும் சூடு சில மணி நேரம் தாங்கும்.

நாளுக்கு இரண்டு டிகிரிக்கு மேல் ஏற்ற வேண்டாம். ஒரு வாரத்தில் 28 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். நோயின் சுற்று வேகமெடுக்கும்போது நடுவில் புள்ளிகள் அதிகமாவதுபோல் தெரியும். அஞ்ச வேண்டாம், மறைந்திருந்தவை சீக்கிரம் வெளியே வருகின்றன என்று பொருள். அப்போதுதான் உப்பு வேலை செய்யும். கடையில் கிடைக்கும் சாதாரணக் கல் உப்பு போதும். கரண்டிக் கணக்கில் போடாமல் எடைபோட்டுப் போடுங்கள். தங்கமீனும் மோலியும் லிட்டருக்கு 3 கிராம்வரை எளிதாகத் தாங்கும். நியான் மென்னீர் மீன். அதற்கு 1 கிராமுக்கு மேல் நான் போவதில்லை. எனவே, நான்கு நியான்களையும் மூடி போட்ட ஒரு 25 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றி, அங்கே ஒரு சிறிய ஹீட்டரும் பஞ்சு ஃபில்டரும் வைத்து வைத்தியம் செய்வதே சரி. உப்பை ஒரே தடவையில் கொட்டாமல், வேறு பாத்திரத்தில் கரைத்து, ஒன்றரை நாளில் மூன்று தவணையாக ஊற்றுங்கள். தொட்டியில் செடிகள் இருந்தால் அவற்றில் சில வாடும்.

இன்னொரு வேலை, பலரும் செய்யாதது: தினமும் அடிக் கல்லை ரப்பர் குழாயால் உறிஞ்சிச் சுத்தம் செய்வது. கூடு கட்டியிருக்கும் உயிரிகள் அங்கேதான் இருக்கின்றன. ஒரு கூட்டை வெளியே எடுத்தால் நூற்றுக்கணக்கான குஞ்சுகளை முளையிலேயே எடுத்துவிட்டீர்கள். என் அனுபவத்தில் இது பாதி மருந்து. கடைசிப் புள்ளி மறைந்த நாளிலிருந்து இன்னும் பத்து நாள் 28 டிகிரியும் உப்பும் தொடர வேண்டும். அதன்பின் வெப்பத்தை மெதுவாக இறக்குங்கள்.

உங்கள் மகனுக்கு ஒரு வேலை சொல்கிறேன். பள்ளி ஆய்வகத்தில் நுண்ணோக்கி இருக்கும். அடுத்து ஏதேனும் மீன் இறந்தால், உடனே அதன் வால் துடுப்பில் ஒரு துண்டை வெட்டி, தொட்டித் தண்ணீர் ஒரு சொட்டோடு கண்ணாடித் தகட்டில் வைத்து ஆசிரியரிடம் காட்டச் சொல்லுங்கள். உருண்டையாக, மெல்லச் சுழன்றுகொண்டே, உள்ளே குதிரை லாடம்போல் வளைந்த ஒரு கரு தெரிந்தால் சந்தேகத்துக்கு இடமே இல்லை. என் மாணவர்களில் சிலர் விலங்கியலைப் பிடித்துக்கொண்டது இந்தக் காட்சியைப் பார்த்த பிறகுதான்.

மற்ற வெண்மைகளையும் சொல்லிவிடுகிறேன், குழப்பம் வராமல் இருக்க. விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தால் மஞ்சள் தூள் படிந்ததுபோல் மினுங்கினால் அது வெல்வெட் நோய். புள்ளியைவிட மிக நுண்ணியது, வேகமாகக் கொல்வது. காயத்தின் மேல் பஞ்சு இழைபோல் நீட்டிக்கொண்டு நிற்பது பூஞ்சை. குளிர்த் தண்ணீரில் நமக்கு அடிக்கடி வரும், ஆனால் நல்ல தோலைத் தொடாது, ஏற்கனவே புண்பட்ட இடத்தில்தான் முளைக்கும். பூஞ்சையைப் பார்த்தால் புண் எப்படி வந்தது என்று தேடுங்கள். வாயைச் சுற்றிச் சாம்பல் வெள்ளையாக, முதுகில் சேணம் போட்டதுபோல் படர்வது பூஞ்சை அல்ல, காலம்னாரிஸ் என்ற பாக்டீரியா. இது சூட்டில் வெறிகொண்டு பரவும். வெண்புள்ளி என்று நினைத்து 28 டிகிரிக்கு ஏற்றினால் இரண்டு நாளில் தொட்டி காலியாகும். ஆகையால்தான் சூடேற்றும் முன் உறுதிசெய்யுங்கள் என்கிறேன். உங்கள் மீன்களின் வாயில் அப்படி எதுவும் இல்லை என்று எழுதியிருப்பதால் துணிந்து சூடேற்றச் சொன்னேன்.

செதில்கள் அன்னாசிப்பழம்போல் விரிந்து உடம்பு வீங்கினால் அது ஒரு நோயின் பெயர் அல்ல. சிறுநீரகம் செயலிழந்ததன் அடையாளம், பெரும்பாலும் பிந்திவிட்டது. அந்த நிலையில் மீன் வதைபடாமல் போக, சுத்தமான கிராம்பு எண்ணெயை வெந்நீரில் குலுக்கிக் கலந்து, மீன் உள்ள சிறு பாத்திரத்தில் சிறிது சிறிதாகச் சேர்த்தால் உறங்கி அடங்கிவிடும். மூச்சு நின்ற பிறகும் அரை மணி நேரம் அதிலேயே விடுங்கள். நம் ஊர் யூகலிப்டஸ் தைலத்தை அதற்குப் பதிலாகப் பயன்படுத்த வேண்டாம். மனிதர்களுக்கான டெட்ராசைக்ளின் கேப்ஸ்யூலை உடைத்துத் தொட்டியில் கொட்டச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். எந்தப் பாக்டீரியா என்று தெரியாமல் அதைச் செய்யாதீர்கள். பாக்டீரியா நோய் என்ற ஐயம் வலுத்தால், கால்நடை மருத்துவரிடமோ மீன்வளத் துறை அலுவலகத்திலோ கேட்டுச் செய்வதே முறை. நோயுற்ற மீனையும் மருந்துத் தண்ணீரையும் ஓடையில் மட்டும் விடாதீர்கள். அந்த ஓடையில் நம் மலைக்கே உரிய மீன்கள் இருக்கின்றன.

கடைசியாக, கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். மனம் வருந்த வேண்டாம். தங்கமீன், மோலி, நியான் மூன்றும் ஒரே தொட்டியில் நலமாக வாழ முடியாது. தங்கமீனுக்கு 18 முதல் 22 டிகிரி இதம். நியானுக்கு 24 டிகிரியும் மென்னீரும். மோலிக்குச் சூடும் கடினத் தண்ணீரும். எந்த வெப்பநிலையில் வைத்தாலும் ஒரு கூட்டம் வாடும். வாடும் கூட்டத்தில்தான் நோய் முதலில் கால் வைக்கும். தங்கமீன் கெண்டை இனம். அதன் உறவான சாதாக் கெண்டையை 1939இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து நீலகிரியில் விட்டபோது அது இங்கேயே பெருகிவிட்டது. அவலாஞ்சியின் குளிரில் டிரவுட் குஞ்சு பொரிக்கிறது. நம் மலைக்கென்று மீன்கள் இருக்கின்றன. ஹீட்டர் வேண்டாம் என்றால் தங்கமீனை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு வளர்ந்த தங்கமீன்களுக்கு 60 லிட்டரும் போதாது, நூற்றைம்பதாவது வேண்டும். இன்னும் சிறிய மீன் வேண்டுமென்றால், தனித் தொட்டியில் ஒயிட் கிளவுட் மின்னோ கூட்டமாக அழகாக இருக்கும். சீனத்தின் குவாங்சோ பக்கத்து மலை ஓடைகளில் பிறந்தது, 18 டிகிரியில் துள்ளும். மோலிகளை நோய் தீர்ந்த பிறகு சமவெளியில் வளர்ப்பவர் யாருக்காவது கொடுத்துவிடுங்கள். வைத்துக்கொள்ளத்தான் ஆசை என்றால் அவற்றுக்கெனத் தனித் தொட்டி, 26 டிகிரி ஹீட்டர், ஃபில்டருக்குள் ஒரு கைப்பிடி கழுவிய கிளிஞ்சல். தண்ணீர் அதைக் கரைத்துக் கரைத்துத் தனக்கு வேண்டிய கடினத்தன்மையை எடுத்துக்கொள்ளும்.

அடுத்த முறை கீழிருந்து மீன் வாங்கி வரும்போது, பையை நாளிதழில் சுற்றித் தெர்மாகோல் பெட்டியில் வையுங்கள். மேட்டுப்பாளையத்தில் 28 டிகிரியாக இருந்த பைத் தண்ணீர் மலைச்சாலை ஏறி வீடு சேர்வதற்குள் இறங்கிவிடும். அதைவிடக் கேடானது, வந்தவுடன் 15 டிகிரித் தொட்டியில் பையை இருபது நிமிடம் மிதக்கவிடுவது. கடைகளில் சொல்லும் இந்த முறை சமவெளிக்குச் சரி, இங்கே அந்த இருபது நிமிடத்தில் மீன் பத்து டிகிரிக்கு மேல் வீழ்கிறது. வரவேற்கும் தண்ணீரை முதல் நாளே பையின் வெப்பத்துக்குச் சூடாக்கி வையுங்கள். புது மீனைத் தனிப் பெட்டியில், 26 டிகிரியில், மூன்று வாரம் வைத்திருந்து பிறகு சேருங்கள். ஹீட்டர் இல்லாத பெட்டியில் மூன்று வாரம் வைத்துத் தப்பிவிட்டதாக எண்ண வேண்டாம். ஆறு வாரம் வேண்டும்.

இன்றிரவு ஏர் ஸ்டோனைப் போட்டுவிட்டு, நாளைக் காலை ஆறு மணி வெப்பநிலையையும், அம்மோனியா, நைட்ரைட், பி.எச். அளவுகளையும், தங்கமீனின் வாலில் புள்ளி உண்டா இல்லையா என்பதையும் எழுதுங்கள். உப்பை எப்போது தொடங்குவது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.